ரத்னாபாயின் நானூற்று எண்பது வரிகள்

ரத்னாபாயைப் பற்றிச் சொல்வதற்கு நான் தகுந்த ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் அண்ணன் தங்கப்பனின் மனைவி, எனக்கு மைனி. என் பெயர் எலிசாள். பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் டீச்சராக இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். மைனி எனக்கு நேர்மாறு. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் நாம் கேட்காத கேள்விக்கு. ஆனால் எங்கள் சபையில் அவளைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. 'புருஷன் செத்துக் கிடக்கும்போது கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்தவள்' என்று. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் வாயையாவது திறந்து முழுக் கதையையும் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மைனி பிறந்தது கொல்லங்கோட்டுப் பக்கம். அவள் அப்பா வாழை பயிரிட்டவர். பத்தாவது வரை தமிழில் படித்தாள், டைப்ரைட்டிங் இரண்டு கிரேடும் பாஸானாள், சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதினாள். எழுபத்திமூன்றில் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் பஞ்ச் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதிய பிள்ளைகளின் மார்க்குகளை எந்திரத்தில் தட்டுவாள், எந்திரம் ஓர் அட்டையில் ஓட்டை போடும். வருடத்துக்கு லட்சக்கணக்கில் மார்க்குகள். பிறகு அட்டை போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அவள் விரலுக்கு வேலை மாறவில்லை. அதே எண்கள்தான்.

அந்த ஆபீசில் ஒரு கறாரான சட்டம் உண்டு. நூறு பிள்ளைகளின் மார்க்கு ஒரு பேட்ச். பேட்ச் முழுதாக முடியாமல் எதையும் பதிந்து வைக்கக் கூடாது. தொண்ணூற்றெட்டாவது பிள்ளையில் கரண்டு போனாலும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். பாதிப் பேட்ச் எங்காவது தங்கிவிட்டால் ஒரு பிள்ளையின் மார்க்கு இன்னொன்றுக்குப் போய்விடும் என்று பயம். இருபத்தைந்து வருடம் இப்படி வேலை பார்த்தால் அது ரத்தத்தில் ஊறாமல் என்ன செய்யும்? "மீன்கறி வைக்கும்போது அடுப்பு அணஞ்சா மறுபடி மொதல்லேருந்து மசால அரைப்பியளா மைனி?" என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்கக்கூட மாட்டாள்.

தொண்ணூற்றேழில் ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய நேமத்தில் அவர்கள் வீட்டின் முன்னறையில் கொண்டுவந்து வைத்தாள். அந்த வருடம்தான் அண்ணன் டிரான்ஸ்போர்ட் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். ஒரே மகன் ஜெயன் ஷார்ஜாவுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் ஒருவர் சும்மா இருந்தார், மற்றவர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனபோது எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கறுத்த வண்டு மாதிரி ஏதோ கிடந்தது. அதன் ஓரமெல்லாம் ரோமம்.

"இது என்னவாக்கும் மைனி?"

"கணக்கு."

"கணக்குக்கு எதுக்கு வாலும் ரோமமும்?"

"அது அதுக்க பாட்டுக்கு வருது."

அன்று அவளுக்கு என்ன தோன்றிற்றோ, எனக்குச் சொல்லித்தந்தாள். ஆபீசுக்கு வந்த ஏதோ ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் படித்தாளாம். ஓர் எண்ணை எடுத்து அதையே அதனால் பெருக்க வேண்டும். இன்னோர் எண்ணைக் கூட்ட வேண்டும். வரும் விடையை மறுபடி அதே மாதிரி பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்படியே போய்க்கொண்டே இருந்தால் சில எண்கள் கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் பெருத்துப் போகிறதோ அதைப் பொறுத்து அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம். எத்தனை தடவை சுற்றினாலும் பெருத்துப் போகாமல் அடங்கிக் கிடந்தால் கறுப்பு. இப்படி ஒவ்வொரு புள்ளியாக, வரி வரியாக, மேலிருந்து கீழே நானூற்று எண்பது வரி. அதுதான் படம்.

"இந்த ரோமத்த பெருசாக்கிப் பாரு" என்று ஏதோ எண்ணை மாற்றினாள். ரோமத்துக்குள்ளே சுருள் சுருளாகக் கொடி. கொடிக்குள்ளே மறுபடி அதே கறுத்த வண்டு, சின்னதாக, அதே ரோமத்தோடு. அதையும் பெருசாக்கினால் உள்ளே இன்னொன்று இருக்குமாம். முடிவே இல்லையாம்.

"எப்பா! பேன் பிடிச்ச தலை போல இருக்கு" என்றேன். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. சபையின் அறுப்புப் பண்டிகைக் கண்காட்சிக்கு ஒரு படத்தைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். போதகர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல பூ" என்றார். "பூ இல்ல, கணக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பாத்திரம் கழுவினாள். அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் கிடைத்த புகழ்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் அண்ணனுக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் முழுதும் போயிற்று. கையைக் கிள்ளினாலும் தெரியாது. பேச்சும் போய் மூன்றே சொற்கள் மிஞ்சின. 'போ', இங்கே என்பதற்கு 'இஞ்ச', போதும் என்பதற்கு 'மதி'. இருபத்தாறு வருடம் வித்துரா வழியாகப் போணக்காட்டுக்கு மலையேற்றத்தில் பஸ் ஓட்டிய மனுஷன். காய்ச்சல் என்று, கல்யாணம் என்று ஒரு நாள் ஒரு டிரிப்பை முடக்கியதில்லை என்று டிப்போவில் சொல்வார்கள். அவர் கட்டிலை முன்னறையில், கம்ப்யூட்டருக்கு எதிரே போட்டாள் மைனி. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரம் அங்கேயே இருக்கலாம் அல்லவா? பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வந்து போனாள்.

இரண்டு மாதம் அண்ணன் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் திரையைப் பார்க்கத் தொடங்கினார். அந்தச் சுருள் சுருளான ஓரங்கள் அவருக்குப் போணக்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளாகத் தெரிந்திருக்க வேண்டும். இது மைனி சொன்னது இல்லை, நானே கண்ணால் கண்டேன். இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டி "இஞ்ச" என்பார். மைனி கட்டிலோடு அவரைக் கிட்டே தள்ளுவாள். அவர் விரல் ஒரு வளைவைத் தொடும். "போ" என்பார். அவள் அந்த இடத்தின் எண்ணைக் கணக்குப் பார்த்து அடிப்பாள். அந்த வளைவு பெரிசாகும், உள்ளே பத்து வளைவு திறக்கும். அண்ணன் இடது கையால் மெல்ல மெல்லக் காற்றில் ஸ்டீயரிங்கை ஒடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். ஒரு பெரிய ஆள் அப்படிக் குழந்தையாகிப் போனதைப் பார்க்க எனக்கு ஆகவில்லை.

உள்ளே போகப் போகப் படத்துக்கு நேரம் கூடும். முதலில் அரை நாள், பிறகு இரண்டு நாள், பிறகு ஒரு வாரம். நவம்பரில் ஒரு படம் நாலாவது நாளில் இடி விழுந்து கரண்டு போய் அழிந்தது. டிசம்பரில் மற்றொன்று ஏழாவது நாளில். பாதியில் பதிந்து வைக்கும்படி அந்தப் புரோகிராமை எழுதியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். ஜெயனும் பிறகு கேட்டான், நாலு வரி கூட்டினால் போதும் என்று. அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. பேட்ச் முடியாமல் பதியக் கூடாது என்று இருபத்தைந்து வருடம் பழகிய கை. அழிந்தால் முதலிலிருந்து, அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் புதிதாக ஓரிடத்தைத் தொட்டுப் "போ" என்றார். மிகவும் ஆழம். பதினொன்றரை நாள் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னாள். ஒரு வரிக்கு அரைமணிக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு வரி முடியும்போதும் எந்திரம் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும், மூலையில் ஓர் எண் கூடும். காலையில் கஞ்சி கொடுக்கும்போது மைனி அந்த எண்ணைச் சொல்வாள். "தொண்ணூறு." "நூத்தி முப்பத்தி ரெண்டு." அண்ணன் தலையை ஆட்டுவார். அந்த மாதம் மழையும் இல்லை, கரண்டும் போகவில்லை.

முந்நூற்று எண்பத்தைந்தில் அண்ணன் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கஞ்சி வாயில் இருக்கும்போதே.

நான் பஸ் பிடித்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணனைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் விழுந்து அலறினேன். மைனி அலறவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஜெயனுக்கு வியாழக்கிழமை காலை வந்து சேரும் விமானம்தான் கிடைத்தது. அடக்கம் வியாழன் மாலை நாலு மணிக்கு என்று போதகர் குறித்தார். இரண்டரை நாள் உடலை வைத்திருக்க வேண்டும்.

நேமத்துச் சபை வாலிபர் சங்கத்தார் அப்போதுதான் ஒரு ஃப்ரீசர் பெட்டி வாங்கியிருந்தார்கள். கண்ணாடி மூடி, உள்ளே விளக்கு. சங்கத்துச் செயலாளர் ராஜமணி, எலக்ட்ரீஷியன், அதை மணப்பெண்ணைக் கூட்டிவருவது போலச் சரக்கு ஆட்டோவில் பக்குவமாகக் கொண்டுவந்து இறக்கினார். மீட்டரை எடுத்துச் சுவர்ப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, வோல்டேஜ் இல்ல கேட்டியளா. இந்த லைன்ல ரெண்டும் ஓடாது. பெட்டி ஸ்டார்ட் ஆனா கம்ப்யூட்டருக்க ஸ்டெபிலைசர் கட்டாயிரும். அத ஒண்ணு ஆஃப் பண்ணுங்க."

"அது ஓடட்டு" என்றாள் மைனி.

ராஜமணிக்குக் காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை. "அக்கா?"

"அது ஓடட்டு. வியாழாச்ச ரெண்டு மணிக்கு முடியும்."

அறையில் இருபது பேர் இருந்தோம். சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது. 'பீப்' என்றது எந்திரம். முந்நூற்றுத் தொண்ணூறு.

எனக்கு உச்சந்தலையில் ஏறிற்று. "மைனி, உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சா? எனக்க அண்ணன் பெரிசா, இந்தக் கறுத்த வண்டு பெரிசா?"

"அவிய சொன்ன எடமாக்கும் எலிசா. முடியட்டு."

"செத்த மனுஷனுக்கு என்ன தெரியும்?"

மெடிக்கல் காலேஜ் மார்ச்சுவரியில் வைக்கலாம் என்று போதகர் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். "இந்த முறியிலேருந்து அவியள கொண்டு போவப்பிடாது" என்றாள், அறையைச் சுற்றிக் கையைக் காட்டி. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால் அது கல்ஃப்காரர் வீடு, பூட்டிக் கிடந்தது. மறுபக்கம் வெறும் தென்னந்தோப்பு. ராஜமணி பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார். பாவம், அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. மத்தியானத்துக்குள் அந்தப் பெட்டிக்குத் திருவல்லத்தில் வேறொரு சாவு வந்துவிட்டது.

விழிஞ்ஞத்திலிருந்து ஐஸ் வந்தது. மீனுக்குப் போடுகிற பாளம் பாளமான ஐஸ், மரத்தூளும் சாக்குமாக. பெரிய தகரத் தட்டில் அதைப் பரப்பி, மேலே பலகை போட்டு, என் அண்ணனைக் கிடத்தினார்கள். சாக்கில் சாளை மீன் நாற்றம். எத்தனை ஊதுபத்தி கொளுத்தியும் போகவில்லை. மைனி ஒரு ஸ்டூலைப் போட்டுத் திரைக்கும் ஐஸுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஐஸ் உருகி வாளியில் சொட்டும். அரைமணிக்கு ஒருமுறை பீப் சத்தம். ஆட்கள் வருவார்கள், அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு திரையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "கல்நெஞ்சுக்காரி. புருஷனுக்கு ஒரு பிளக்கு குடுக்கல்ல." புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நேமம் முழுதும் தெரிந்துவிட்டது.

அவள் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. காப்பி கொடுத்தால் குடித்தாள். எழும்பு என்றால் எழும்பினாள். ஒரு தடவை அண்ணன் காதுக்குள் குனிந்து, "நானூத்தி முப்பது" என்று சொன்னதை நான் கேட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஜெயன் மீனம்பாக்கம் வழியாகச் சுற்றித் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிவிட்டான், பதினொன்றுக்குள் வீட்டில் இருப்பான் என்று போன் வந்தது. கூட்டம் இன்னும் வரத் தொடங்கவில்லை. மைனி குளிக்கப் போனாள். முன்னறையில் நான் மட்டும். இரவெல்லாம் ஐஸ் உருகித் தட்டு நிரம்பித் தரையில் வழிந்து கிடந்தது. துடைக்கக் குனிந்தேன். அண்ணனின் வேட்டி நுனி அந்தத் தண்ணீரில் கிடந்து பழுப்பாக ஊறியிருந்தது. அதைத் தூக்கிப் பிழிந்தேன். கையெல்லாம் சாளை நாற்றம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் மகன் வந்து அப்பனை இந்தக் கோலத்தில் பார்க்கப்போகிறான். தலைக்கு நேரே அந்தப் படம், மஞ்சளும் பச்சையுமாக ஜொலித்துக்கொண்டு. மூலையில் எண் நானூற்று எழுபத்திரண்டு.

பிளக்கைப் பிடுங்கினேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஃப்ரீசர் திருவல்லத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிடுங்கினால் அண்ணனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். எட்டு வரிதான் பாக்கி என்றும் தெரியும், நான் கணக்கு டீச்சர். எல்லாம் தெரிந்துதான் பிடுங்கினேன். திரை டக்கென்று இருண்டது. எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நின்ற இடத்தில் பத்துவரை எண்ணினேன். பிறகு பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கினேன்.

எந்திரம் தானாக உறுமி எழுந்தது. கறுத்த திரையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நின்றது.

மைனி ஈரத்தலையோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். கை துண்டோடு தலைக்குப் போனது அப்படியே நின்றது. நான் நிமிரவில்லை, துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"கரண்ட் போயி வந்திருக்கு" என்றாள்.

நான் "ம்" என்றேன். கர்த்தர் அறிய, ஒரு 'ம்' மட்டும்தான்.

அவள் போய் எந்திரத்தை அணைத்தாள். மேலே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து மூடினாள். பிறகு தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். "இனி பிளக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஜெயன் வந்து அப்பன் காலைப் பிடித்து அழுதான். பிறகு தட்டைப் பார்த்து, "என்னத்துக்கு ஐஸ்? ஃப்ரீசர் இல்லியா மாமி?" என்று என்னைக் கேட்டான். "உனக்க அம்மைக்கிட்ட கேளு" என்றேன். நாக்கு அழுகிப் போகாதா எனக்கு?

"லைன்ல வோல்டேஜ் இல்ல மக்கா" என்றாள் மைனி. அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அப்போதும் அவள் அழவில்லை. பெண்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

அவள் அந்தப் படத்தை மறுபடி ஓட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதுதானே அவள் வழக்கம்? அழிந்தால் முதலிலிருந்து. ஓட்டவில்லை. பதினாறாம் நாள் ஆபீசுக்குப் போனாள். மார்க்குகளைத் தட்டினாள். இரண்டாயிரத்திரண்டில் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றாள். பிரிவுபசாரக் கூட்டத்தில், ரத்னாபாயின் பேட்சில் ஒரு தவறுகூட வந்ததில்லை என்று மேலதிகாரி பேசினாராம். வீட்டில் எந்திரம் விரிப்புக்குள் அப்படியே இருந்தது. தூக்கிப் போடட்டுமா என்று ஜெயன் கேட்டால், "இருக்கட்டு" என்பாள். சமைத்தாள், சபைக்குப் போனாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வருடத்துக்கு இரண்டு தடவை போவேன். போனால் முன்னறையில் உட்கார மாட்டேன், நேரே அடுக்களைக்குப் போவேன். அவள் எனக்குச் சாயா போட்டுத் தருவாள். ஒரு தடவைகூட முகம் கோணியதில்லை. அதுதான் என்னைக் கொன்றது. எட்டு வரியில் என்ன இருந்தது, எதை நான் அழித்தேன் என்ற நினைப்பு மட்டும் வருடம் போகப் போகப் பெருத்துக்கொண்டே வந்தது.

இரண்டாயிரத்தைந்தில் ஜெயன் விடுமுறைக்கு வந்தபோது புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போனான். அந்த வருடம் கண் டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம் போன நான் மைனி வீட்டில் தங்கினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அவள் முன்னறைக்குப் போனாள்.

"எலிசா, இஞ்ச வா. ஒண்ணு காட்டியேன்."

போனேன். முதல் தடவையாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் எதையும் பார்க்காமல் ஒரு நீளமான எண்ணை அடித்தாள், பிறகு இன்னொன்றை. ஆறு வருடம் கழித்தும் பதினைந்து பதினாறு இலக்கம் விரலில் அப்படியே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றிற்று.

வரிகள் மளமளவென்று இறங்கின. அன்றைக்குப் பதினொரு நாள் எடுத்தது இப்போது பத்தே நிமிடம். வளைவுக்குள் வளைவாக, மஞ்சளும் பச்சையும், நான் பார்த்த அதே படம். நானூறு தாண்டிற்று. நானூற்று ஐம்பது. நான் மூலையில் எண்ணைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. எழுபத்தி மூன்று.

கறுப்பு. அடுத்த வரியும் கறுப்பு. எட்டு வரியும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் கறுப்பு. அடியில் அரை விரல்கடை அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். படம் நின்றது.

"இவ்வளவுதானா மைனி? மிச்சம் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கறுப்புதான் வரும்னு அப்பமே தெரியுமா?"

"தெரியும். அவிய தொட்ட எடத்துக்குக் கீழ கறுப்புன்னு முந்தின படத்திலயே கண்டேன். கறுப்பு வாற எடத்திலதான் மிஷின் நின்னு நின்னு கடைசி வரைக்கும் எண்ணும். நெறம் வாற எடத்த சட்டுன்னு தாண்டிரும்."

"பின்ன என்னத்துக்கு அத்தன பேரு முன்னால அப்படி நின்னிய? ஒண்ணுமில்லாத கறுப்புக்கா?"

"முடியணும்லா" என்றாள்.

எனக்கு உள்ளே என்னவோ உடைந்தது. நிம்மதியா, வெட்கமா, இன்னது என்று சொல்லத் தெரியவில்லை. "இதுக்கா நான் ஆறு வருசம் வெந்து செத்தேன்?" என்று வாய்விட்டு அழுதேன். "மைனி, அன்னைக்குக் கரண்ட் போவல்ல."

"தெரியும்."

அவள் முகம் திரையைப் பார்த்தபடியே இருந்தது.

"நான் குளிமுறியிலதானே நின்னேன்? பல்பு ஒரு நிமிஷங்கூட அணையல்ல."

ஆறு வருடம். நான் குடித்த ஒவ்வொரு சாயாவையும் தெரிந்தே போட்டுத் தந்திருக்கிறாள். "அப்பமே ஏன் கேக்கல்ல? நாலு அறை அறைஞ்சிருக்கலாம்லா மைனி? ஜெயன் கேட்டப்பகூட என்னக் காட்டிக் குடுக்கல்லியே!"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எனக்காக நல்ல பதில் தேடியது போல இல்லை. உண்மையிலேயே என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பது போல இருந்தது.

"கோவம் வரட்டு, கேக்கலாம்னு இருந்தேன் எலிசா. வரல்ல. அழுகையும் அப்படித்தான், வரும் வரும்னு பாத்தேன். நீ வாற ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இன்னைக்கு வரும்னு. உன்னப் பாத்தா சாயா போடத்தான் தோணுது." விசைப்பலகையில் ஒரு கட்டையைத் தட்டினாள். படம் பதிந்தது. "வந்தா உனக்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

இப்போது நான் மாதம் ஒரு தடவை நேமத்துக்குப் போகிறேன். முன்னறையில், அவளுக்கு எதிரே உட்காருகிறேன். அவள் வாசல் திறக்கும்போது முதலில் முகத்தைப் பார்ப்பேன். இன்னும் வரவில்லை.